‘கோடிங் பிடிக்கலை’ என்பது ஒரு காரணமா? பிசினஸ் அனலிஸ்ட் ஆக நினைக்கும் கொங்கு இளைஞர்கள் யோசிக்க வேண்டியவை

“ஏன் பிசினஸ் அனலிஸ்ட் ஆகணும்னு நினைக்கிறீங்க?”

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இன்டர்வியூவில் பலர் திணறுவது இங்கேதான். எக்ஸெல் தெரியுமா என்றால் உடனே பதில் வரும். ஏன் இந்த வேலை என்று கேட்டால், வழக்கமான மூன்று பதில்களில் ஒன்று வரும். “கோடிங் எனக்கு செட் ஆகலை சார்.” “ஆட்களோட பேசறது பிடிக்கும்.” “நல்ல குரோத் இருக்குன்னு சொன்னாங்க.”

மூன்றிலும் பொய் இல்லை. ஆனால் இதே பதில்களை ஹெச்.ஆர். வேலைக்கும் சொல்லலாம், சேல்ஸ் வேலைக்கும் சொல்லலாம். பிசினஸ் அனலிஸ்ட் வேலைதான் வேண்டும் என்பதற்கு அதில் எதுவும் இல்லை.

மற்ற வேலைகளைவிட இங்கே இந்தக் கேள்விக்கு எடை அதிகம். டாக்டர் ஆக எம்.பி.பி.எஸ். வேண்டும், ஆடிட்டர் ஆக சி.ஏ. வேண்டும். பிசினஸ் அனலிஸ்ட்டுக்கு அப்படி ஒரே வாசல் கிடையாது. பி.காம்., மெக்கானிக்கல், டெக்ஸ்டைல், பி.சி.ஏ. என எங்கிருந்தும் வரலாம். டிகிரியை வைத்து ஆளை எடைபோட முடியாததால், காரணத்தை வைத்து எடைபோடுகிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வளர்ந்தவர்களிடம் இதற்கு நல்ல காரணம் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். அது தங்களிடம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

முதலில், இந்த வேலை என்னங்க?

ஒரு உதாரணம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஓனர் புதிதாக சாஃப்ட்வேர் போட நினைக்கிறார். அவர் சொல்வது ஒரே வரி. “தம்பி, நம்ம ஸ்டாக் சரியா தெரியணும், அவ்ளோதானுங்க.”

டெவலப்பர் ஒரு ஸ்கிரீன் செய்து தருகிறார். குடோனில் எத்தனை கிலோ துணி இருக்கிறது என்று அது சரியாகக் காட்டுகிறது. ஓனர் பார்த்துவிட்டு, “இது இல்லீங்க தம்பி” என்கிறார். யார் மேல் தப்பு? இரண்டு பேர் மேலும் இல்லை. ‘ஸ்டாக்’ என்ற ஒரு சொல்லுக்கு இருவரிடமும் வேறு வேறு அர்த்தம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் துணி ஒரே இடத்தில் இருப்பதில்லை. நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து சாயப்பட்டறை. திரும்பி வந்து கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பல வேலைகள் வெளியே, ஜாப் ஒர்க்கில் நடக்கும். சாயத்துக்கு 100 கிலோ போனால் அதே 100 கிலோவாகத் திரும்பி வராது. கட்டிங் டேபிளைத் தாண்டியதும் கிலோ கணக்கு முடிந்து பீஸ் கணக்கு ஆரம்பிக்கும். ஷேடு மாறினால் ஒரு லாட் மறுபடியும் சாயத்துக்குப் போகும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும். அல்லது ஜாப் ஒர்க்கர் இடத்திலிருந்தே முறைப்படி சப்ளை ஆக வேண்டும். ஆக, எந்த டெலிவரி சலானில் எது போனது, எது வந்தது என்ற கணக்கும் தேவை.

பிசினஸ் அனலிஸ்ட்டின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. “ஸ்டாக்னா குடோன்ல இருக்கறது மட்டுமா, சாயப்பட்டறையில நிக்கறதும் சேர்த்தாங்க?” “கிலோவிலயா, பீஸ்லயா?” “குறையுற எடைக்கு யார் பொறுப்பு?” என்று கேட்கிறார். ஓனரிடம் மட்டும் இல்லை. குடோன்காரரிடம், கணக்குப் பார்ப்பவரிடம், கட்டிங் மாஸ்டரிடம் தனித்தனியாகக் கேட்கிறார். கடைசியில் தெரிகிறது, ஓனர் ஸ்டாக் என்று கேட்டாலும் அவருக்கு நிஜமாகத் தெரிய வேண்டியது வேறு: “வர்ற வெள்ளிக்கிழமை கன்டெய்னர் கிளம்புமா, கிளம்பாதா?”

அதைக் கண்டுபிடித்து, டெவலப்பருக்குப் புரிகிற மாதிரி எழுதி, செய்து முடித்தது சரியாக இருக்கிறதா என்று சோதித்து, வேலை செய்பவர்கள் அதைப் பயன்படுத்தும்வரை கூடவே நிற்பவர்தான் பிசினஸ் அனலிஸ்ட். பேங்க், ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ், கார் கம்பெனி என்று துறை மாறும். வேலையின் அடிப்படை இதுதான்.

பெயர் புதுசு, வேலை பழசு

இந்த வேலைக்கான சர்வதேச அமைப்பான ஐ.ஐ.பி.ஏ. 2003-ல் கனடாவின் டொரன்டோவில்தான் தொடங்கியது. ‘பாபோக்’ என்று அழைக்கப்படும் அதன் வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு 2015-ல் வந்தது. ஒரு நிறுவனத்தின் தேவை என்ன என்று வரையறுத்து, சம்பந்தப்பட்டவர்களுக்குப் பயன்தரும் தீர்வைப் பரிந்துரைத்து, மாற்றத்துக்கு வழிசெய்வதுதான் பிசினஸ் அனாலிசிஸ் என்பது அதன் விளக்கத்தின் சாரம்.

கோவைக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர் இது. மில்கள் பெருகிய பிறகு, 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது ‘சிட்ரா’, இங்கே தொடங்கப்பட்டது. அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, மில்களின் உற்பத்தித்திறனையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரே மாதிரி நூல் நூற்கும் இரண்டு மில்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் அதிகம் செலவாகிறது, எங்கே கசிகிறது என்ற கேள்வி. இன்றைக்கு லேப்டாப்போடு உட்கார்ந்து ‘கேப் அனாலிசிஸ்’ செய்பவர் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

சமீப காலத்தில் இந்தக் கேள்வி சின்னக் கம்பெனிகளின் கதவையும் தட்டியிருக்கிறது. இ-இன்வாய்ஸ் முறையே நல்ல சாட்சி. 2020 அக்டோபரில் அது ஆரம்பித்தபோது, ஆண்டு விற்பனை 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். அந்த வரம்பு 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ஆனது. மூன்று வருடத்துக்குள் நடந்த மாற்றம் இது. நோட்டிலும் டேலியிலும் காலம் தள்ளிய பம்ப் கம்பெனி, கிரைண்டர் கம்பெனி, பவுண்டரி எல்லாம் தங்கள் பில்லிங் முறையையே மாற்றி யோசிக்க வேண்டி வந்தது.

அடுத்ததும் வரிசையில் நிற்கிறது. ஒரு பொருள் எதில், எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரங்களைத் தாங்கும் ‘டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்’டுக்கு வழிசெய்யும் ஐரோப்பிய யூனியனின் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் முன்னுரிமைப் பட்டியலில் துணிகளும் உண்டு. ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்பும் திருப்பூர் கம்பெனிக்கு, நூலிலிருந்து பேக்கிங்வரை ஒவ்வொரு கட்டத்தின் தகவலும் தேவைப்படப் போகிறது. சாயப்பட்டறையின் நோட்டில் இருப்பது ஐரோப்பிய பையரின் சிஸ்டத்துக்கு எப்படிப் போகும்? அந்தப் பாதையை வரைய ஆள் வேண்டும்.

சரி, இதில் உங்களுக்கான காரணம் எது? பரவலாகச் சொல்லப்படும் ஐந்து காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காரணம் 1: “கோடிங் வேண்டாம்”

அதிகம் சொல்லப்படும் காரணம் இது. ஐந்தில் மிகவும் பலவீனமானதும் இதுதான்.

பிசினஸ் அனலிஸ்ட் தினமும் கோட் எழுத மாட்டார், உண்மை. ஆனால் டேட்டாபேஸில் இருந்து தேவையானதை எடுக்கும் அளவுக்கு எஸ்.க்யூ.எல். தெரிந்தால் பெரிய பலம். இரண்டு சாஃப்ட்வேர்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று புரிய வேண்டும். “இதைச் செய்ய மூணு வாரம் ஆகும்” என்று டெவலப்பர் சொன்னால், ஏன் என்று கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். டெக்னாலஜியே வேண்டாம் என்று ஓடிவருபவர், மீட்டிங்கில் நோட்ஸ் எடுத்து மெயில் அனுப்பும் ஆளாகவே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமேயில் சொல்ல ஒன்றும் இருக்காது.

இன்னொரு விதமாக யோசித்துப் பாருங்கள். கோட் எழுதும்போது, “இதை யாருக்காகச் செய்யறோம், அவங்க நிஜமாவே பயன்படுத்துவாங்களா?” என்ற யோசனை உங்களுக்கு அடிக்கடி வந்திருக்கிறதா? அப்படியானால் நீங்கள் தப்பி ஓடவில்லை. உங்கள் கவனம் ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்டர்வியூவில் அதைச் சொல்லுங்கள்.

காரணம் 2: “பட்டறையில வளர்ந்தேன்”

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு லேத் சத்தம் புதுசு இல்லை. ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறையில் ஒரு நாள் முழுக்க என்ன நடக்கும் என்று பாருங்கள். டிராயிங் வரும். “இந்த அளவுக்கு டாலரன்ஸ் எவ்வளவுங்க?” என்று கேட்பார்கள். கேட்காமல் செய்தால் ரிஜெக்‌ஷன். ரிஜெக்‌ஷன் ஆனால் மெட்டீரியல் யார் கணக்கு என்று பேச்சு வரும். பணம் 60 நாளில் வருமா, 90 நாளில் வருமா என்று இன்னொரு பேச்சு.

‘ரிக்வயர்மென்ட்’ தெளிவாக இல்லாமல் வேலையை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை, சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். மேனுஃபேக்சரிங், சப்ளை செயின் சம்பந்தமான புராஜெக்ட்டுகளில் இது நிஜமான மூலதனம். ஆர்டர், டிசி, இன்வாய்ஸ், பேமென்ட் என்ற வரிசையை இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு மன உறுத்தலும் சேர்ந்தே வரும். “அப்பா முப்பது வருஷம் நடத்தின பட்டறையை விட்டுட்டு ஐ.டி.க்குப் போறோமே” என்ற எண்ணம். வீட்டிலும் சில நேரம் அது வார்த்தையாகவே வரும். “ஏங்கண்ணு, நம்ம தொழிலை யாரு பாக்கறது?” இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் ஒன்று சொல்லலாம். பட்டறையில் கற்றது வீணாகாத ஐ.டி. வேலைகளில் இது ஒன்று. பத்து வருடம் கழித்துத் தொழிலுக்கே திரும்புகிறவருக்கும், வேறு பல கம்பெனிகளின் வேலைமுறையை உள்ளே இருந்து பார்த்த அனுபவம் கையில் இருக்கும்.

காரணம் 3: “என் டிகிரிக்கு ஐ.டி.யில இடம் இருக்கா?”

பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஃபைல் செய்தவர். டெக்ஸ்டைல் படித்து மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டவர். கோடிங் தெரியாததால் ஐ.டி. வேலை தங்களுக்கு இல்லை என்று இவர்கள் நினைப்பதுண்டு.

ஆனால் அக்கவுன்டிங் சாஃப்ட்வேர் செய்யும் குழுவில், க்ரெடிட் நோட் எப்போது போடுவார்கள் என்று அனுபவத்தில் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? க்ளெய்ம் ஏன் திரும்பி வரும் என்று கவுன்டரில் நின்று பார்த்தவர் எத்தனை பேர்? ‘டொமைன் நாலெட்ஜ்’ என்று சொல்வது இதைத்தான். ஃப்ரெஷரைவிட, ஏதாவது ஒரு துறையில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவருக்கு இந்த வேலையில் பிடிமானம் சீக்கிரம் கிடைக்கும்.

காரணம் 4: “ஊர்லயே இருக்கணும்”

இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. வயதான பெற்றோர், சொந்த வீடு, பெங்களூரு வாடகை எல்லாம் நிஜமான காரணங்கள். விளாங்குறிச்சியில் டைடல் பார்க் 2010-ல் திறக்கப்பட்டது. காக்னிசன்ட், பாஷ் போன்ற பெரிய நிறுவனங்களுக்குக் கோவையில் மையங்கள் உண்டு. 2011-ல் தொடங்கிய ‘கோவை.கோ’ மாதிரி, இங்கிருந்தே உலகச் சந்தைக்கு சாஃப்ட்வேர் செய்யும் நிறுவனங்களும் வந்துவிட்டன.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு டீமில் டெவலப்பர்கள் பலர் இருப்பார்கள். பிசினஸ் அனலிஸ்ட் ஒருவரோ இருவரோதான். அதனால் ஒரே ஊரில் மட்டும் தேடினால் காத்திருக்க நேரலாம். க்ளையன்ட் அமெரிக்காவில் இருந்தால், நம் ஊர் இரவு ஏழு மணிக்கு மேல்தான் அவருக்குக் காலை. ஊரில் இருப்பீர்கள், ஆனால் பல நாள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கால் போய்க்கொண்டிருக்கும்.

காரணம் 5: “பிரேக்குக்கு அப்புறம் திரும்பி வர்றேன்”

குழந்தை பிறந்து சில வருடம் இடைவெளி விட்ட பெண்கள், குறிப்பாக டெஸ்டிங்கில் இருந்தவர்கள், இந்தப் பக்கம் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேர் எங்கே உடையும், பயன்படுத்துபவர் எங்கே குழம்புவார் என்று பார்த்துப் பழகிய கண் அது. இடைவெளியில் புரோகிராமிங் மொழிகளும் டூல்களும் மாறியிருக்கும். கேள்வி கேட்கும் திறமை அப்படிக் காலாவதி ஆவதில்லை. “நான் டெஸ்ட் செஞ்சப்போ கண்டுபிடிச்ச தப்புல பாதி, கோடிங் தப்பு இல்லை, தேவையைத் தப்பா புரிஞ்சுக்கிட்டது” என்று உங்களால் உதாரணத்தோடு சொல்ல முடிந்தால், உங்கள் காரணம் வலுவானது. மேலே சொன்ன இரவு கால் பிரச்சினையை மட்டும் சேரும் முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

விளம்பரத்தில் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

‘பிசினஸ் அனலிஸ்ட்’ என்ற பெயரில் வரும் எல்லா வேலையும் ஒன்று இல்லை. சில இடங்களில் அது ரிப்போர்ட், டேஷ்போர்டு செய்யும் டேட்டா அனலிஸ்ட் வேலை. சில இடங்களில் க்ளையன்ட் பிடிக்கும் சேல்ஸ் வேலை. நிஜமான பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு ‘ஃபங்ஷனல் கன்சல்டன்ட்’, ‘ப்ராசஸ் அனலிஸ்ட்’, ‘ப்ராடக்ட் ஓனர்’ என்று வேறு பெயர் வைத்திருப்பதும் உண்டு. அதனால் பெயரை விட்டுவிட்டு விவரத்தைப் படியுங்கள். ‘டார்கெட்’ என்ற சொல் அடிக்கடி வந்தால் சேல்ஸ். ‘ரிக்வயர்மென்ட்’, ‘ஸ்டேக்ஹோல்டர்’, ‘யூசர் ஸ்டோரி’ என்று வந்தால் நீங்கள் தேடுவது அதுதான்.

சான்றிதழ் விஷயத்திலும் நிதானம் வேண்டும். ஐ.ஐ.பி.ஏ.வின் தொடக்க நிலைச் சான்றிதழான ஈ.சி.பி.ஏ.வுக்கு வேலை அனுபவம் தேவையில்லை. சி.சி.பி.ஏ.வுக்கு 3,750 மணி நேரமும், சி.பி.ஏ.பி.க்கு 7,500 மணி நேரமும் பிசினஸ் அனாலிசிஸ் அனுபவம் வேண்டும். ஆக, “மூணே மாசத்துல உச்ச சர்டிஃபிகேட்” என்று யாராவது சொன்னால், அந்த 7,500 மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். ‘100 சதவீதம் வேலை உறுதி’ என்று ஃபீஸ் கேட்கும் இடங்களில், யாருக்கு, எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் சேர்த்துவிட்டார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏ.ஐ. வந்தா இந்த வேலை இருக்குமா?

மீட்டிங் பேச்சைச் சுருக்கித் தருவது, யூசர் ஸ்டோரி எழுதுவது, டாக்குமென்ட் வடிவமைப்பது, இவற்றை ஏ.ஐ. இப்போதே செய்கிறது. அதை மட்டுமே செய்துகொண்டிருந்தவருக்கு இது நிஜமான ஆபத்து. மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் ஏ.ஐ.க்குக் கொடுத்தால்தான் தெரியும். சாயப்பட்டறை சூப்பர்வைசர் தன் சட்டைப்பை நோட்டில் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார், அது எந்த சிஸ்டத்திலும் இருக்காது. மீட்டிங்கில் முதலாளி முன்னால் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டிய ஸ்டோர் கீப்பர், வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் “அது நடக்காதுங்க, ஏன்னா...” என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஏன்னா’வைக் கேட்க, அவர் நம்பிப் பேசும் ஒரு ஆள் வேண்டும். ஆட்களோடு பேசப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள், பேசுவதைவிடக் கேட்பதற்கே இங்கே மதிப்பு அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் காரணத்தைச் சோதிக்க ஒரு வழி

கோர்ஸில் சேரும் முன் செலவில்லாத ஒரு பரிசோதனை. தெரிந்தவர் ஒருவரின் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் மெடிக்கல் ஷாப், பக்கத்து வீட்டு அண்ணாவின் கிரைண்டர் பார்ட்ஸ் யூனிட், பேக்கரி, எதுவானாலும் சரி.

1. ஒரு ஆர்டர் வருவதில் ஆரம்பித்துப் பணம் கைக்கு வரும்வரை என்னென்ன நடக்கிறது என்று ஒரே பக்கத்தில் படமாக வரையுங்கள்.

2. அதை முதலாளியிடமும், கணக்குப் பார்ப்பவரிடமும், வேலை செய்பவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். மூவரும் மூன்று விதமாகத் திருத்துவார்கள்.

3. அந்தத் திருத்தங்களுக்குள் முரண்பாடு எங்கே என்று பாருங்கள். அதனால் யாருக்கு நேரமோ பணமோ வீணாகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். சரிசெய்ய ஒரு யோசனை சொல்லுங்கள். அது புது சாஃப்ட்வேராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு பலகையும் சாக்பீஸும்கூடப் போதுமானதாக இருக்கலாம்.

இரண்டாவது படியில் மூவரும் உங்கள் படத்தைத் திருத்தும்போது, “இவங்ககூட என்னடா ரோதனை” என்று எரிச்சல் வந்தால், நல்லது. ஃபீஸ் கட்டும் முன்பே தெரிந்துவிட்டது. “அட, இது நமக்குத் தோணலையே” என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கத் தோன்றினால், அந்தப் பக்கத்தை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவுக்குப் போகும்போது அதையும் ஃபைலில் வைத்து எடுத்துப் போகலாம்.